ஹாச்சேயின் மூச்சு எங்கே போனது

எழுத்துகளெல்லாம் காலும் வாயுமாகத் தெருவில் நடமாடிய அந்தக் காலத்தில், கலீசியா என்ற நாட்டின் கடலோரத்தில் ஒரு மீனவ ஊர் இருந்தது. மழையும் மூடுபனியும் அந்த ஊருக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. சொல்லாமல் வருவார்கள், லேசில் கிளம்ப மாட்டார்கள். மக்களோடு மக்களாக எழுத்துகளும் அங்கேயே குடியிருந்தன. மக்களின் வாயில் ஏறிப் பேச்சாக இறங்குவதுதான் அவற்றின் வேலை. கூலி கிடையாது. யாராவது தன்னை அழகாக உச்சரித்துவிட்டால் போதும், அன்றைக்கு அந்த எழுத்துக்கு வயிறு நிறைந்துவிடும்.

நம் எழுத்துகளோடு ஒப்பிட்டால் அது சின்னக் குடும்பம்தான். ஆனால் குணத்துக்குப் பஞ்சமில்லை. B-யும் V-யும் இரட்டைப் பிள்ளைகள். பெயர் பே, உவே என்று வேறு வேறாக இருந்தாலும் குரல் ஒன்றுதான், பெற்றவளே மாற்றிக் கூப்பிடுவாள். Ñ-க்குப் பெயர் எஞ்ஞே. தலையில் நெளிந்த தொப்பி ஒன்று வைத்திருப்பாள். அதைக் கழற்றினால் தன்னை N என்று நினைத்துவிடுவார்களோ என்று தூங்கும்போதுகூடக் கழற்ற மாட்டாள். X-க்குப் பெயர் ஷே. பொழுதெல்லாம் அலையோரத்தில் உட்கார்ந்திருந்து 'ஷ்... ஷ்...' என்று அலையின் பேச்சையே தன் பேச்சாக்கிக்கொண்டவள்.

எல்லோருக்கும் செல்லப்பிள்ளை ஹாச்சே. இரண்டு கம்பத்துக்கு நடுவே ஒரு குறுக்குக்கட்டை போட்ட உருவம், H. உடம்பு முழுக்க அவளுக்கு மூச்சுதான். ஊரில் யாராவது 'ஹஹ்ஹா' என்று சிரித்தால் அது அவள் உபயம். வலை இழுத்துக் களைத்தவர்கள் 'ஹப்பாடா' என்று உட்கார்ந்தால் அதிலும் அவள் இருப்பாள்.

தினமும் காலையில் ஊர்க் களஞ்சியத்தின் முன்னால் எழுத்துகள் வரிசையாக நின்று ஆளுக்கொரு தரம் தன் ஒலியைச் சொல்ல வேண்டும். ஒலிக்காதவருக்கு வரிசையில் இடமில்லை, ஊரைவிட்டே போக வேண்டியதுதான். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவன் J, அவன் பெயர் இயோட்டா. இப்படிச் சட்டம் போடுகிறவர்களுக்கெல்லாம் தொண்டை நன்றாகத்தான் இருக்கும்.

மக்களிடமும் ஒரு வழக்கம் இருந்தது. மூடுபனி இறங்கினால் அமாரோ என்ற இளைஞன் கரைப்பாறையில் ஏறி நின்று காய்ட்டா ஊதுவான். காய்ட்டா என்றால் நம் பக்கத்துத் துருத்தி மாதிரி, தோல்பையில் காற்றடைத்து ஊதுகிற வாத்தியம். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு படகுகள் பாறையில் மோதாமல் கரை சேரும்.

அமாரோவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. விருந்துக்கான மத்தி மீனைத் தானே பிடித்து வர வேண்டும் என்று அவனுக்கு ஓர் ஆசை. வானமும் பளிச்சென்று இருந்தது. காய்ட்டாவை ஆணியில் மாட்டிவிட்டு, ஊர்ப் படகுகளோடு கிளம்பிய பிராய்ஸ் என்ற மீனவனின் படகில் தானும் ஏறிப் போய்விட்டான். வழிகாட்ட வேண்டியவனே கடலுக்குள் போகிறானே என்று ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கல்யாணக் களையில் யாருக்குத்தான் மூளை வேலை செய்கிறது?

மதியத்துக்குள் மூடுபனி வந்துவிட்டது. நீட்டிய கை தெரியவில்லை. பிராய்ஸின் மனைவி எர்மிடா பின்னிக்கொண்டிருந்த வலையைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடினாள். பின்னாலேயே ஊர்ப் பெண்களும் எழுத்துகளும் ஓடிவந்தார்கள். A-வான ஆ கத்தினான், O-வான ஓ கத்தினாள், R-ஆன எர்ரே தன் 'ர்ர்ர்' முழுவதையும் உருட்டிப் பார்த்தான். பனி அத்தனையையும் விழுங்கிவிட்டது.

"ஷ்..." என்று ஷே எல்லோரையும் அடக்கிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டாள். "துடுப்புச் சத்தம் கேக்குது. ஆனா பாறைப் பக்கமாப் போறாங்க."

எர்மிடா அமாரோவின் வீட்டுக்குப் போய்க் காய்ட்டாவை எடுத்து வந்தாள். ஊதினாள். ஆணியில் காய்ந்து கிடந்த பையில் ஒரு தையல் விட்டிருந்தது. உள்ளே போன காற்று அப்படியே வெளியே வந்தது. பெண்கள் மாறி மாறி ஊதினார்கள். முகம் சிவந்ததுதான் மிச்சம், பூனை முனகுகிற மாதிரிகூட ஒரு சத்தம் வரவில்லை. எர்மிடா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவர் வந்துருவாரு இல்ல?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

ஹாச்சே அவள் கையிலிருந்த ஊதுகுழாயை வாங்கிக்கொண்டாள்.

N-ஆன எனே அவளுக்கு உயிர்த்தோழி. அவள் ஓடிவந்து தடுத்தாள். "ஏய், ஓட்டைப் பைடி அது. எவ்வளவு ஊதினாலும் குடிச்சுக்கிட்டே இருக்கும். உன் மூச்செல்லாம் போயிட்டா நாளைக்குக் காலையில வரிசையில என்னடி சொல்லுவ?"

"வரிசை நாளைக்குத்தான். படகு இன்னைக்கு," என்றாள் ஹாச்சே. அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

ஊதினாள். பை புடைத்தது. ஓட்டை வழியாகப் போனதற்கும் மேலாக ஊதினாள். பையிலிருந்து நீளமாக ஒரு முழக்கம் கிளம்பிக் கடல்மேல் போனது. விரல் வைக்கத் தெரியாமல் எர்மிடா குழலின் துளைகளைக் கண்டபடி பொத்தினாள். ராகமுமில்லை, தாளமுமில்லை. ஆனால் சத்தம் இருந்தது, நிற்காமல் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் பனிக்குள்ளிருந்து ஒரு குரல் கோபமாக வந்தது. "எவன்டா அது, என் காய்ட்டாவைத் தொட்டது? இப்படியா ஊதுவாங்க? நிறுத்துங்கடா. பிராய்ஸ் அண்ணே, அந்தப் பக்கமாத் தள்ளுண்ணே, அவனை நான் பார்க்கணும்."

அமாரோ கோபத்தில் துடுப்புப் போட்ட வேகத்தில் படகு மணலில் பாதிதூரம் ஏறி நின்றது. மற்றப் படகுகளும் அதன் பின்னாலேயே வந்தன. எர்மிடா புருஷனை அடித்தாள், அழுதாள், பிறகு கட்டிக்கொண்டாள். நடந்தது தெரிந்ததும் அமாரோ தையல் விட்ட பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். கரை முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் ஏதோ குறைகிறதே என்று முதலில் கவனித்தவள் எனேதான். எல்லோரும் 'அஅஆ' என்றுதான் சிரித்தார்கள். 'ஹ' இல்லை.

மறுநாள் காலை, களஞ்சியத்தின் முன்னால் வரிசை நின்றது. "ஹாச்சே" என்று கூப்பிடப் போனார்கள், "ஆச்சே" என்றுதான் வாயில் வந்தது. அவள் முன்னால் வந்து வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

"சட்டம்னா சட்டம்தான். கிளம்பச் சொல்லுங்க," என்றான் இயோட்டா.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு எர்மிடா முன்னே வந்தாள். "எங்க வீட்டு அடுப்பு இன்னைக்கு எரியுதுன்னா அது இவளால. இவளுக்கு இடமில்லைன்னா, நீங்க ஒருத்தரும் எங்க வாயில ஏற வேண்டாம். நாங்க ஊமையாவே இருந்துக்கறோம்."

ஊரே அவள் பின்னால் வந்து நின்று வாயை மூடிக்கொண்டது. பேசாத மக்களிடம் எழுத்துகளுக்கு என்ன வேலை? இயோட்டாவுக்கு முகம் சுருங்கிப்போனது. "சத்தமில்லாதவகூட நான் நிக்க மாட்டேன்," என்று கிளம்பினான். அவனுடைய கூட்டாளிகள் K, W, Y மூவரும் கூடவே போனார்கள். இன்றைக்கும் அந்த நால்வரும் வெளியூர்ச் சொற்களோடு விருந்தாளியாக வந்து போவதோடு சரி.

ஆனாலும் ஆச்சே தலை நிமிரவில்லை. இடம் கிடைத்தது, குரல் திரும்பவில்லையே. எனே வரிசையைக் கலைத்துக்கொண்டு போய் அவள் கையைப் பிடித்தாள். "என் குரல் இருக்குல்ல, அதுல பாதி உனக்கு. வா, சேர்ந்து சொல்லுவோம்," என்றாள். இருவரும் வாய் திறந்தார்கள். 'ங்' என்று ஓர் ஒலி மணி மாதிரி வந்தது. நமக்கு அது பழகிய ஒலிதான். அந்த ஊர் அதுவரை கேட்டதே இல்லை. பார்த்துக்கொண்டிருந்த C-க்கும் ஆசை வந்து மறுகையைப் பிடித்தான், 'ச்' என்று அவள் பெயரின் நடுவில் இருக்கிற ஒலியே துள்ளிக் குதித்தது. ஆச்சே நிமிர்ந்தாள். அமாரோ தையல் போட்டு எடுத்து வந்திருந்த காய்ட்டாவை ஊத, ஊரே ஆடியது.

"இந்தப் புது ஒலியை எந்தச் சொல்லுல வைக்கலாம்?" என்று எனே கேட்டாள்.

எர்மிடா யோசிக்கவே இல்லை. "நேத்து எங்களைக் கரை சேர்த்தது எத்தனை பேர்? ஒருத்தி. அந்தச் சொல்லுலயே இருக்கட்டும்."

அப்போது பிடித்த பழக்கம்தான் இது: கலீசியாவில் H வர வேண்டிய சொல் ஒன்றில்கூட அவளை விடாமல் எழுதுவார்கள், தனியே நின்றால் உச்சரிக்க மாட்டார்கள். காய்ட்டாவில் பாட்டு தொடங்கும் முன் அவளுடைய மூச்சுதான் முதலில் முழங்கும். 'ஒருத்தி' என்று சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் எனேயும் அவளும் NH என்று கை கோத்துக்கொள்ள, ஊர் வாய் நிறைய 'உங்ஙா' என்று சொல்லும்.