மறையன் கஞ்சி குடித்த கதை

மாயக்காள் எந்த ஊரிலும் நிலைத்துத் தங்கியதில்லை. அவள் நடந்தால் பின்னால் ஏழெட்டு நாய்கள் நடக்கும். நாய்களுக்கும் பின்னால் கஞ்சிச் சட்டியையும் மூட்டையையும் சுமந்துகொண்டு அவளுடைய ஒரே சீடர் அருணகிரி நடப்பார். குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். இருந்தாலும் அவர் அவளை அம்மா என்பார், அவள் அவரை ஐயா என்பாள். ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அருணகிரி தாய் தகப்பன் இல்லாத வீட்டில் மூத்தவர். தம்பி தங்கைகளைக் கரையேற்றுவதற்குள் தலை நரைத்துவிட்டது. கடைசித் தங்கையின் கல்யாணப் பந்தலைப் பிரித்த கையோடு, இனியாவது நிம்மதியாக இருப்போம் என்று மாயக்காளிடம் வந்து சேர்ந்தார். இங்கேயும் விறகு பொறுக்குவது, கஞ்சி காய்ச்சுவது, நாய்களுக்கு உண்ணி எடுப்பது எல்லாம் அவர்தான். யாரும் செய்யச் சொல்லவில்லை.

கமுதிப் பக்கம் ஒரு கண்மாய்க்கரையில் ஆட்டுக்கிடை போட்டிருந்த கீதாரி ஒருவர் இறந்துபோயிருந்தார். மகன்கள் ஆடுகளை விற்றுவிட்டார்கள். ஆடு மடக்கப் பழகிய நாய் மட்டும் மிஞ்சியது. கீதாரியின் மனைவி மகளோடு இருக்க மதுரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அங்கே மாடி வீடு, நாய்க்கு இடமில்லை.

"மறையனையும் உங்க கூட்டத்துல சேத்துக்கங்க சாமி" என்று அவள் ஒரு தொரட்டிக் கம்பை நீட்டினாள். ஆடுகளுக்குக் குழை பறிக்கிற நீளக் கம்பு. "இதைப் புடிச்சுக்கிட்டு நடங்க. பின்னாலேயே வந்துரும். அவரு பட்டியை அடைச்சு, இந்தக் கம்பைக் கீழ கிடத்திட்டுத்தான் கஞ்சி குடிப்பாரு. இதுவும் கூடவே குடிக்கும்."

சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

மாயக்காள் கையை நீட்டவில்லை. அருணகிரி நீட்டினார்.

மறையன் நல்ல நாய். அதுதான் தொல்லையாகிவிட்டது. வேலியோரம் மோந்து பார்க்க நின்ற நாயின் காலைக் கடித்து இழுத்து வரும். குட்டையில் இறங்கப் போன நாயை மறித்துத் திருப்பும். எல்லாவற்றையும் அருணகிரியின் காலடியில் கொண்டுவந்து குவித்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்கும். தங்குமிடத்தில் மற்றவை படுத்துவிட்டால் அவற்றைச் சுற்றிச் சுற்றி வரும். கஞ்சியை இரண்டு நக்கு நக்கிவிட்டு மறுபடியும் ஓடும்.

கூட்டத்தின் மூத்த பெட்டை செவலை. அது பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் மறையனின் காதைக் கிழித்துவிட்டது. காது கிழிந்த நாய் அப்போதும் சுற்றி வந்தது.

"அம்மா, இது என்ன சொன்னா ஓயும்?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"படுன்னேன். போதும்னேன். அதட்டிப் பாத்தேன். கையெடுத்துக் கும்பிட்டும் பாத்துட்டேன்."

"உக்காந்து சொன்னீங்களா?"

"உக்கார எங்கம்மா நேரம்? அடுப்பு மூட்டணும்" என்று அவர் கம்பைத் தலைமாட்டு மணலில் நட்டுவிட்டு விறகு தேடப் போனார். மறையன் அவர் பின்னால் ஓடியது.

வெயில் ஏற ஏற மறையன் மெலிந்தது. ஒரு சாயங்காலம் பொட்டல் காட்டில் நடந்துகொண்டிருந்தபோது கால் மடிந்து விழுந்தது. அருணகிரி ஓடிப்போய்த் தூக்குவதற்குள் தானே எழுந்து, பின்தங்கிய குட்டி ஒன்றை முடுக்கப் போய்விட்டது.

"இங்க இருந்தா செத்துரும்மா" என்றார் அருணகிரி. "யார் வீட்டுலயாவது விட்டுரலாம்னா, கம்பையும் சேத்து யார் வாங்குவா?" கம்பில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். "எனக்கும் முடியலை."

இத்தனை காலத்தில் அந்த வார்த்தையை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

மாயக்காள் நின்றாள். அவர் தோளிலிருந்த சட்டியை இறக்கினாள். தானே கல் கூட்டினாள், தானே அடுப்பு மூட்டினாள்.

"நான் செய்யறேன்மா."

"தினம் செய்யறீங்களே."

கஞ்சி கொதித்தது. நாய்களுக்கு ஊற்றிவிட்டு, ஒரு கும்பா நிறைய அவரிடம் நீட்டினாள். அவர் வலது கையில் கம்பைப் பிடித்தபடியே இடது கையை நீட்டினார்.

"சுடும். ரெண்டு கையாலயும் வாங்குங்க."

அருணகிரி கம்பைச் சாத்த இடம் தேடினார். பொட்டலில் மரம் இல்லை. நட்டுப் பார்த்தார். தரை கல்லாக இருந்தது. மாயக்காள் நீட்டிய கும்பாவோடு அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

வேறு வழியில்லாமல் கம்பைக் கீழே கிடத்தினார். கும்பாவை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

சுற்றிக்கொண்டிருந்த மறையன் நின்றது. மெல்ல வந்து கம்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் மோந்தது. பிறகு போய்த் தன் கஞ்சியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தது. திரும்பி வந்து கம்பின் பக்கத்தில் படுத்தது. நீளமாக ஒரு மூச்சு விட்டது.

செவலை எழுந்தது. மறுபடியும் கடிக்கப் போகிறதோ என்று அருணகிரி பார்த்தார். செவலை வந்து, கிழிந்த காதை ஒருதரம் நக்கிவிட்டு, மறையனின் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்துக்கொண்டது.

அருணகிரிக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்று கண்மாய்க்கரையில் கீதாரியின் மனைவி கம்பைப் பற்றிச் சொன்னது இப்போதுதான் காதில் விழுந்த மாதிரி இருந்தது. வெகுநேரம் கழித்துக் கும்பாவைக் காலி செய்தார். சட்டியைக் கழுவி வைத்துவிடலாம் என்று எழப் போனவர் கேட்டார்.

"ஒரு கம்பைக் கீழ வைக்கவாம்மா இத்தனை நாள் ஆச்சு?"

"நாய்க்கு ஒரு நிமிசந்தான் ஆச்சு ஐயா" என்றாள் மாயக்காள்.

பாதி எழுந்திருந்த அருணகிரி திரும்ப உட்கார்ந்தார்.