ஆட்காட்டிக் குருவி வாங்கிய இடம்

உயிர்கள் எல்லாம் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆட்காட்டிக் குருவி மரத்தில்தான் குடியிருந்தது. இன்றைக்கு அதைக் கிளையில் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் வேறு எதையோ பார்த்துவிட்டு வந்து சொல்கிறார் என்று அர்த்தம். அப்போது அதன் காலில் நல்ல பிடி இருந்தது. முன்னால் மூன்று விரல், பின்னால் நீளமாக ஒரு விரல். எவ்வளவு காற்று அடித்தாலும் பிடித்த கிளையை விடாது.

அந்தக் குலத்தில் சிவந்தி என்று ஒருத்தி இருந்தாள். அவள் கணவன் பெயர் வெள்ளைச்சாமி. கண்மாய்க்கரையில் ஒரு மருத மரத்தின் பொந்தில் இருவரும் குத்தகைக்கு இருந்தார்கள். பொந்து மரங்கொத்திக்குச் சொந்தம், ஏனென்றால் குடைந்தவன் அவன். இவர்கள் அதில் இருந்துகொள்ளலாம். பதிலுக்குத் தினமும் அவனுக்குப் புழு பொறுக்கித் தர வேண்டும். குத்தகை என்றால் அவ்வளவுதான். இருக்கலாம், சொந்தம் கொண்டாட முடியாது.

மழைக்காலம் முடிகிற சமயம் சிவந்திக்கு முட்டையிடும் நாள் நெருங்கியது. அந்த நேரம் பார்த்து மரங்கொத்தி வந்து வாசலில் தொற்றிக்கொண்டான்.

"மகளுக்குக் கல்யாணம் முடிஞ்சிருக்கு தாயி. பொந்து வேணும். காலி பண்ணிக் குடுத்துரு."

"குஞ்சு பறக்குற வரைக்கும் பொறுத்துக்கக் கூடாதாண்ணே?"

"போன வருசமும் இதைத்தான் சொன்ன. நானும் பொறுத்தேன்."

அது உண்மை. அவன் பறந்து போனதும் வெள்ளைச்சாமி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். ஆனால் சிவந்தியின் கண்ணில் ஒரு பளபளப்பு வந்துவிட்டது.

"எதுக்குங்க முகத்தைத் தொங்கப் போட்டிருக்கீங்க? இனிமே வாடகைப் பொந்தே வேண்டாம். சொந்தமா இடம் வாங்குவோம்."

"நாமளா?"

"ஏன், நமக்கென்ன குறைச்சல்? நம்ம பிள்ளைங்க நம்ம மண்ணுல பொரிக்கட்டும்."

சொல்லி முடித்தபோது அவளுக்கே மூச்சு வாங்கியது.

இடம் விற்பது வாங்குவது என்றால் அந்தப் பக்கத்தில் ஓணான்தான் தரகர். எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லாமல் தலையை ஆட்டுவார். சிவந்தி கேட்டதும் ஆட்டினார்.

"இருக்கு. அருமையான இடம். உடும்பண்ணனுக்கு அவங்க அப்பா வழியில வந்தது. நீ குடுத்து வச்சவ."

"தண்ணி பக்கமா?"

ஓணான் தலையை ஆட்டினார்.

"மேடா? மழைத் தண்ணி நிக்காதே?"

அதற்கும் ஆட்டினார். அந்த இரண்டும் உண்மைதான். தரகர் பொய் சொன்னார் என்று நான் எழுத மாட்டேன்.

உடும்புக்கு அப்போது பெரிய உடம்பு இருந்ததே தவிரக் காலில் பிடி கிடையாது. பாறையில் ஏறுவான், பாதியில் வழுக்கி விழுவான். குரங்குகள் கைகொட்டிச் சிரிக்கும். அதனால் அவன் கேட்ட விலை ஒன்றே ஒன்றுதான். "உன் பின்விரல் பிடியை எனக்குக் குடு, என் இடத்தை நீ எடுத்துக்க."

சிவந்தியும் வெள்ளைச்சாமியும் இடத்தைப் பார்க்கப் போனார்கள். மேலே வட்டமிட்டார்கள். மழை பெய்து ஓய்ந்திருந்ததால் கீழே ஒரே பச்சை. ஒரு பக்கம் கண்மாய்த் தண்ணீர் வெயிலில் மினுங்கியது. சிவந்தி சந்தோஷத்தில் ஒரு குட்டிக்கரணம் அடித்தாள்.

"இறங்கி ஒரு நடை நடந்து பார்ப்போமா?" என்றான் வெள்ளைச்சாமி.

"பறவைக்கு எதுக்குங்க நடை? இங்கிருந்து பார்த்துத் தெரியாததா அங்க போயித் தெரியப்போகுது?"

இந்தத் தவறை ஒரு முயல் செய்திருக்காது, ஒரு நரி செய்திருக்காது. சிறகு இருக்கிறவர்தான் செய்ய முடியும்.

கிரயம் கண்மாய் ஆமையின் முன்னால்தான் நடக்க வேண்டும் என்பது வழக்கம். கிரயம் என்றால் விலையைக் கொடுத்துச் சொத்தை ஒரேயடியாகக் கைமாற்றுவது. யார் இடம் யாருக்குப் போயிற்று என்பதை எல்லாம் ஆமையார்தான் நினைவில் வைத்திருந்தார். முதலில் நான்கு எல்லையையும் விற்கிறவன் வாயால் சொல்ல வேண்டும். உடும்பு சொன்னான்.

"கிழக்கே கண்மாய்த் தண்ணீர். மேற்கே மந்தைவெளி. வடக்கே வழுக்குப் பாறை. தெற்கே கள்ளிப் புதர். இந்த நாலு எல்லைக்குள்ள இருக்குறது என் இடம்."

இந்த நான்கும் சரிதான் என்று கொக்கும் நாரையும் சாட்சி சொன்னார்கள். ஆமையார் கழுத்தை நீட்டினார்.

"வில்லங்கம் ஏதும் உண்டா?"

வில்லங்கம் என்றால், ஒருவர் இடத்தின்மேல் இன்னொருவருக்கு இருக்கும் பிடிமானம். அது வெளியே தெரியாது. விசாரித்தால்தான் தெரியும்.

"அடமானம் வைக்கல. பங்காளி கிடையாது. குத்தகைக்கு விடல," என்றான் உடும்பு. மூன்றும் உண்மை. நான்காவதாக ஒன்று இருந்தது, அதை அவன் சொல்லவில்லை.

ஆமையார் சிவந்தியைப் பார்த்தார். "இப்ப அச்சாரமா ஒரு நகத்தை மட்டும் குடும்மா. உன் பேருக்குப் பேசி வச்சிருக்கோம்னு அதுக்கு அர்த்தம். நான் நாலு பக்கமும் சொல்லி அனுப்புறேன். அந்த இடத்துல பாத்தியம் உள்ளவங்க யாராச்சும் வெளியூர் போயிருந்தா வந்து சொல்லட்டும். அடுத்த நிலாவுக்கு மிச்சத்தைக் குடுத்து முடிச்சுக்கலாம்."

"என் வயிறு அடுத்த நிலா வரைக்கும் பொறுக்காதே ஐயா."

"உன் இஷ்டம். வழக்கத்தைச் சொன்னேன்."

வெள்ளைச்சாமி அவள் சிறகை லேசாகக் கொத்தினான். அவள் கவனிக்கவில்லை. சொந்த இடம் என்ற சொல் அவள் காதுக்குள் மேளமாக அடித்துக்கொண்டிருந்தது. காலை நீட்டினாள். பிடி முழுவதையும் கொடுத்துவிட்டாள்.

அவள் பின்விரல் அந்த இடத்திலேயே சுருங்கிச் சின்னக் குச்சியாகிப் போனது. கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்கிய சொத்து என்பதால் வெள்ளைச்சாமியின் விரலும் சுருங்கியது. உடும்பின் நகங்கள் வளைந்து கூர்ந்தன. அவன் ஓடிப்போய் வழுக்குப் பாறையில் ஒரே மூச்சில் ஏறி உச்சியில் நின்றான். குரங்குகள் வாயை மூடிக்கொண்டன.

மருத மரத்துக்குக் கடைசியாக ஒருமுறை போய்க் கிளையில் உட்காரப் பார்த்தாள் சிவந்தி. வழுக்கி விழுந்தாள்.

"போகட்டும். இனி கிளை நமக்கு எதுக்கு?" என்று சிரித்தாள்.

புது இடத்தில் கால் வைத்ததும் அங்குமிங்கும் ஓடினாள். நடுவில், மேற்கிலிருந்து கிழக்காக, புல் கொஞ்சம் குட்டையாக ஒரு பட்டை தெரிந்தது. அங்கே தரை கெட்டியாக இருந்தது. முட்டை உருளாது, ஈரம் ஏறாது. அந்தப் பட்டையின் நடுவிலேயே சிறு பள்ளம் பறித்து முட்டையிட்டாள். மூன்று என்று சிலர் சொல்கிறார்கள். நான்குதான்.

"இங்க மட்டும் ஏன் தரை இவ்வளவு இறுகிக் கிடக்கு?" என்று கேட்டான் வெள்ளைச்சாமி.

"நல்ல இடம்னா அப்படித்தாங்க இருக்கும்."

முட்டைகள் சூடு பிடித்து உள்ளே அசைவு தெரிய ஆரம்பித்த சமயம், ஒரு காலை நேரத்தில் மேற்கே புழுதி எழுந்தது. தரை அதிர்ந்தது. மழைக்கு மலையடிவாரம் மேயப் போயிருந்த எருமைக் கூட்டம் திரும்பி வந்துகொண்டிருந்தது. முன்னால் கரிச்சி என்கிற மூத்த எருமை. நேராகக் குட்டைப் புல் பட்டையில் கால் வைத்து, எந்தப் பக்கமும் பார்க்காமல் நடந்து வந்தாள்.

சிவந்தி அலறிக்கொண்டு எழுந்தாள். கரிச்சியின் மூக்குக்கு எதிரே பாய்ந்தாள், விலகினாள், மறுபடியும் பாய்ந்தாள். கரிச்சி நின்றாள். பின்னால் வந்த எருமைகள் ஒன்றின் மேல் ஒன்று முட்டிக்கொண்டு நின்றன.

"என்னடி குருவி, கண்ணைக் குத்திருவ போல. ஒதுங்கு. தாகத்துல வர்றோம்."

"இது என் இடம் பெரியம்மா. கிரயம் பண்ணி வாங்கியிருக்கேன்."

"இடம் உன்னுதா இருக்கட்டும். இது எங்க வழி. எங்க ஆத்தாவுக்கு ஆத்தா காலத்துல இருந்து தண்ணிக்கு இப்படித்தான் போறோம். தரையைப் பாரு. இது மழை இறுக்குன மண்ணா? எங்க குளம்பு இறுக்குனது."

சிவந்தி தரையைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"ஒரு பக்கமா சுத்திப் போகக் கூடாதா?"

"வடக்கே பாறை, எங்களுக்கு ஏறத் தெரியாது. தெற்கே கள்ளி, கண்ணு போயிரும். உனக்குச் சிறகு இருக்கு, நீ பேசுவ."

கன்றுகள் கத்த ஆரம்பித்தன. கொக்கு ஓடிப்போய் ஆமையாரைக் கூட்டி வந்தது. அவர் வந்து சேர்வதற்குள் எருமைகளுக்கு நாக்கு வெளியே தள்ளிவிட்டது.

"விலையைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க ஐயா," என்றாள் சிவந்தி. "வழி இருக்குன்னு அவன் சொல்லவே இல்ல."

"நீ கேட்டிருக்கணும், நடந்து பார்த்திருக்கணும். ஆனா அவனும் மறைச்சிருக்கக் கூடாது. கூப்பிடுங்க அவனை."

உடும்பு வழுக்குப் பாறையின் அடியில் ஓர் இடுக்கில் இருந்தான். வா என்றார்கள், வரவில்லை. கரிச்சி அவன் வாலில் கொம்பை மாட்டி இழுத்தாள். பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டான். இரண்டு எருமைகள் சேர்ந்து இழுத்தன. பாறையிலிருந்து மண்தான் உதிர்ந்தது.

"என் பிடியை வச்சே பாறையைப் பிடிச்சுக்கிட்டு என் பிடியைத் தர மாட்டேங்குறானே," என்றாள் சிவந்தி. அவ்வளவு கலவரத்திலும் ஒரு கிழட்டு எருமை சிரித்துவிட்டது.

இழுப்பதை நிறுத்தச் சொன்னார் ஆமையார். கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு யோசித்தார். பிறகு பேசினார்.

"குடுத்த பிடி இனி திரும்பாது. ஆனா வழியை அடைக்கிற உரிமை உடும்புகிட்டயே இருந்ததில்ல. அவன்கிட்ட இல்லாததை அவன் எப்படி விற்பான்? நீ எப்படி வாங்குவ? இடம் உன்னுது. வழி எருமைகளோடது. ரெண்டும் ஒரே மண்ணுல இருக்கும். இடம் எத்தனை கை மாறினாலும் வழி கூடவே போகும்."

"அப்ப என் முட்டை?"

"உங்களுக்கு இருக்கிறது நடக்கிற உரிமை, கரிச்சி. மிதிச்சு அழிக்கிற உரிமை இல்ல. ஆனா எது வழி, எது கூடுன்னு தெரியாம நடந்தா உங்க மேல குத்தம் இல்ல. சிவந்தி, உன் கூட்டைச் சுத்திக் கல் வை. யார் வந்தாலும் வர்றதுக்கு முன்னாடியே வாய்விட்டுச் சொல்லு. சொன்ன பிறகு மிதிச்சா அது அவங்க குத்தம். சொல்லாம இருந்தா உன் குத்தம்."

கரிச்சி காதை ஆட்டினாள். "சொன்னா விலகுறோம். எங்களுக்கு என்ன நட்டம்?"

சிவந்தியும் வெள்ளைச்சாமியும் அலகால் கூழாங்கற்களைப் பொறுக்கி ஓடி ஓடி வந்தார்கள். நல்ல கல்லாகப் பார்த்து எடுக்க நேரம் இல்லை. தண்ணீர் வாசனை பட்ட எருமைகள் நகர ஆரம்பித்துவிட்டன. முட்டைகளைச் சுற்றி ஒரு வளையம் வைத்து முடிப்பதற்குள் கரிச்சியின் குளம்பு எதிரே வந்து இறங்கியது.

சிவந்தி தொண்டை கிழியக் கத்தினாள். கரிச்சி குனிந்து கல்லைப் பார்த்தாள். தூக்கிய அடுத்த காலை ஒரு குளம்பு அகலம் தள்ளி வைத்தாள். அடுத்த எருமை வந்தது, சிவந்தி கத்தினாள், அதுவும் தள்ளி வைத்தது. ஒவ்வொன்றுக்கும் கத்தினாள். முன்னது விலகியதே, பின்னதும் விலகும் என்று ஒருமுறைகூட அவள் வாயை மூடவில்லை. குரல் உடைந்து கரகரத்துப் போனது.

கடைசியில் ஒரு கன்று. தாய் முன்னே போய்விட்டதென்று கண்மண் தெரியாமல் துள்ளிக்கொண்டு வந்தது. சிவந்தி இரண்டு சிறகையும் விரித்து அதன் முகத்துக்கு நேராகப் போய் விழுந்தாள். கன்று மிரண்டு ஒரு பக்கமாகத் தாவியது. ஒரு கல் மட்டும் தெறித்து உருண்டது.

வெள்ளைச்சாமி பள்ளத்தை எட்டிப் பார்த்தான். ஒவ்வொன்றாக எண்ணினான். மறுபடியும் எண்ணினான்.

"நாலும் இருக்கு," என்றான்.

சிவந்தி உருண்டு போன கல்லை எடுத்து வந்து பழைய இடத்தில் வைத்தாள்.

அந்தக் காலையிலிருந்துதான் ஆட்காட்டிக் குருவி வெறும் தரையில் முட்டையிட்டுச் சுற்றிலும் பொடிக் கற்களை அடுக்குகிறது. நாலு அடி ஓடி, நின்று, தரையைப் பார்த்து, மறுபடியும் ஓடுகிறது. மனிதர் வந்தாலும் மாடு வந்தாலும், பகலானாலும் இரவானாலும், மிதிப்பதற்கு முன்னால் கத்திச் சொல்லிவிடுகிறது.