மைதீன் பாய் கொடுத்த பாஸ்வேர்டு

உலகம்மை மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தபோது ஆவுடையப்பன் வந்து நின்றார்.

"அம்மா, நம்பிக்கைத் துரோகம் செஞ்சவனை மன்னிக்கிறது எப்படி?"

கேட்ட விதத்திலேயே ஒரு பெருந்தன்மை தெரிந்தது. மன்னிப்பது என்று முடிவு செய்தாகிவிட்டது, செய்முறைதான் பாக்கி என்பதுபோல நின்றார்.

உலகம்மையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சென்னையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் சர்வர்களைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் போதும் என்று தோன்றியது. தென்காசிக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் ஓட்டு வீடு ஒன்றில் வந்து உட்கார்ந்துவிட்டாள். இப்போது மாடுகளையும், மனக்குழப்பத்தோடு தேடி வருகிறவர்களையும் பார்த்துக்கொள்கிறாள். மாடுகள் சீக்கிரம் தெளிந்துவிடும். ஊரில் அந்த இடத்தை ஆசிரமம் என்பார்கள். அவள் வீடு என்பாள்.

ஆவுடையப்பன் அவளுக்கு ஆறாம் வகுப்பில் பூகோளம் நடத்தியவர். ஓய்வு பெற்ற பிறகு நிம்மதி எங்கே கிடைக்கும் என்று ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் தன் மாணவியிடமே வந்து சேர்ந்தார். அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரைச் சார் என்பாள். இதில் யார் குரு, யார் சீடர் என்று புதிதாக வருகிறவர்கள் கொஞ்ச நேரம் முழிப்பார்கள்.

"யாரு சார் துரோகம் பண்ணுனது?"

"மைதீன் பாய்."

தவிட்டுத் தொட்டிக்குள் அவள் கை அப்படியே நின்றது.

மைதீன் பாய், முழுப்பெயர் மைதீன் பிச்சை, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் எண்ணெய் மில் வைத்திருக்கிறார். மாலையானால் மில் வாசல் பெஞ்சில் அவரும் ஆவுடையப்பனும் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். ஒருவர் ஒன்றைச் சொல்வார், மற்றவர் அதை மறுப்பார். வருஷக்கணக்காக அவர்கள் சிநேகம் இப்படித்தான் நடக்கிறது. மைதீன் பாய்க்குச் சர்க்கரை வியாதி. ஆவுடையப்பனுக்கோ டீயில் சர்க்கரை தூக்கலாக இருக்க வேண்டும். மில்லை ஒட்டியிருக்கும் பாய் வீட்டில் சர்க்கரை டப்பா ஒன்று இருப்பதே அவருக்காகத்தான்.

மாலையில் ஆசிரமத்துக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கென்று யாரோ ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்திருந்தார்கள். இணைய இணைப்புக்கு எங்கே போவது என்று ஆவுடையப்பன் பெஞ்சில் உட்கார்ந்து கவலைப்பட்டபோது, "என் வைஃபை அங்கன வரைக்கும் எட்டுமே, எடுத்துக்கிடுங்க" என்றவர் மைதீன் பாய்தான். பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, பாஸ்வேர்டை எழுத்து எழுத்தாகக் காதில் சொன்னார். ஆவுடையப்பன் அதை நதிகளின் வரிசையைப் போல மனப்பாடம் செய்துகொண்டார்.

"யாருக்கும் காட்டிராதீங்க சார்வாள்," என்று மட்டும் பாய் கேட்டுக்கொண்டார்.

இதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போனது.

கம்ப்யூட்டரில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போடுவதற்கு உலகம்மை ஒரு பென் டிரைவைக் கொடுத்து, திரை கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே போங்கள் சார், தானாக முடிந்துவிடும் என்று சொல்லியிருந்தாள். என்ன மொழி என்று திரை கேட்டது. தமிழ் என்றார். எந்த நாடு என்று கேட்டது. பூகோள வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா இது? அல்வா சாப்பிடுகிற மாதிரி பதில் சொன்னார். விசைப்பலகை எது என்று கேட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அதற்கும் தமிழ் என்றார். அடுத்தது நெட்வொர்க். மில்லின் பெயர் பட்டியலில் முதலாவதாக நின்றது. அதைத் தேர்ந்தெடுத்துப் பாஸ்வேர்டைத் தட்டினார். தவறு என்றது.

மறுபடி தட்டினார். மறுபடி தவறு. அணைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். எல்லாக் கேள்விக்கும் முன்பு சொன்ன பதிலையே சொன்னார், எனவே முன்பு வந்த தவறே வந்தது. சிக்னல் எட்டவில்லையோ என்று மேஜையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார். இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

அப்புறம்தான் அவருக்கு விஷயம் புரிந்தது, அல்லது புரிந்ததாக அவர் நினைத்தார். கொஞ்ச நாள் முன்னால் டீ குடிக்கும்போது, பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து பார்த்தால் நெட் மெதுவாகிவிடுமோ என்று மைதீன் பாய் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டிருந்தார். அந்தப் பேச்சு இப்போது ஞாபகம் வந்தது. மனிதர் மனம் மாறிவிட்டார். முகத்துக்கு நேரே மறுக்கச் சங்கடப்பட்டு, பாஸ்வேர்டைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டார்.

நேற்று மாலை நேரே மில் வாசலுக்குப் போய் ஆவுடையப்பன் அதைக் கேட்டும்விட்டார். டீயை ஆற்றிக்கொண்டிருந்த மைதீன் பாய் நிமிர்ந்து பார்த்தாராம்.

"அதையா? அதை நான் எப்படி சார்வாள் மாத்துவேன்?"

"கொடுக்க மனசில்லன்னா முதல்லயே சொல்லியிருக்கலாம் பாய்," என்று சொல்லிவிட்டு, டீயைத் தொடாமல் திரும்பி வந்துவிட்டார் ஆவுடையப்பன்.

எல்லாவற்றையும் கேட்ட உலகம்மை, "அதுக்கு அவரு ஒண்ணும் சொல்லலியா?" என்றாள்.

"ஒண்ணும் சொல்லல. என் கிளாஸை எடுத்து உள்ள கொண்டு வச்சிட்டாரு."

இதைச் சொல்லும்போது அவர் குரல் பெருந்தன்மையிலிருந்து இறங்கிவிட்டது. மாலை வரும், டீ நேரம் வரும், அந்தப் பெஞ்சுக்குப் போக முடியாது. துரோகத்தைவிட அதுதான் அவரை அதிகம் வாட்டியது. இந்த வயதில் சண்டை போட இன்னொரு ஆளைத் தேடிப் பிடிக்க முடியுமா?

உலகம்மை கையைக் கழுவினாள்.

"மன்னிக்கிறதைப் பெறகு பாப்போம் சார். மெஷினை முதல்ல பாப்போம்."

கம்ப்யூட்டர் இருந்த அறையில் ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. பட்டப்பகலில் ஏன் இந்த இருட்டு என்று கேட்டாள்.

"பாஸ்வேர்டு தட்டுற இடம்லா. யாரும் எட்டிப் பாத்திரக் கூடாது."

எட்டிப் பார்க்க அங்கே ஒரு பூனை மட்டும்தான் இருந்தது.

உலகம்மை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மில்லின் பெயர் பட்டியலில் தெரிகிறதா என்று கேட்டாள். தெரிந்தது. சிக்னல் கோடுகள் முழுசாக இருக்கின்றனவா என்று கேட்டாள். இருந்தன.

"அப்பம் வைஃபை கார்டு நல்லாத்தான் இருக்கு. தூரமும் காரணம் இல்ல."

"அதைத்தான் நானும் சொல்லுதேன். எல்லாம் சரியா இருக்கு, பாஸ்வேர்டுதான் தப்புன்னு மெஷினே சொல்லுது. மெஷின் பொய் சொல்லுமா?"

"சொல்லாது."

"அப்பம் பாய் மாத்திட்டாருன்னுதான அர்த்தம்?"

அவள் ஒரு தடவை தட்டிக் காட்டச் சொன்னாள். ஆவுடையப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கீபோர்டின் மேல் கூடாரம்போல் விரித்தார். அதற்குள் தலையை விட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி ஒற்றை விரலால் தட்டினார். திரையில் புள்ளி புள்ளியாக விழுந்தது. தவறு என்று வந்தது.

பாஸ்வேர்டு பெட்டிக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம் இருந்தது. பக்கத்தில் 'காட்டு' என்று எழுதியிருந்தது.

"இதை ஒரு தடவையாவது அழுத்திப் பாத்தீங்களா சார்?"

ஆவுடையப்பன் பதறிவிட்டார். "அதை அழுத்தினா பாஸ்வேர்டு அப்படியே வெளிய தெரிஞ்சிரும்மா. காட்ட மாட்டேன்னு பாய்க்கு வாக்குக் கொடுத்திருக்கேன். துரோகம் அவரு பண்ணலாம். நான் பண்ண மாட்டேன்."

உலகம்மை எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பூனையைத் தூக்கி மடியில் வைத்து, அதன் முகத்தையும் சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

"நான் பாக்கல. இதுவும் பாக்காது. அழுத்துங்க."

"அம்மா, வாக்கு..."

"யாருக்கும் காட்டக் கூடாதுன்னுதான சொன்னாரு?"

"ஆமா."

"உங்களுக்குமா?"

ஆவுடையப்பன் துண்டை மறுபடி இழுத்து விரித்தார். பிறகு தட்டினார். தட்டிவிட்டு அந்தக் கட்டத்தை அழுத்தினார்.

சுவரைப் பார்த்திருந்தவளுக்கு அப்புறம் எதிர்ப்பக்கத்து மில் ஓடுகிற சத்தம்தான் கேட்டது.

"அம்மா."

"சொல்லுங்க."

"தமிழ்ல விழுந்திருக்கு. என்னென்னமோ எழுத்தா இருக்கு. கீபோர்டுல இங்கிலீஷ்தான அச்சடிச்சிருக்கு? அதைப் பாத்துத்தான தட்டினேன்?"

"விசைப்பலகை எதுன்னு கேட்டப்பம் என்ன சொன்னீங்க?"

"தமிழ்."

"அது நீங்க சொன்னதைக் கேட்டிருக்கு சார்."

அவருடைய விரல் ஒவ்வொரு முறையும் சரியான இடத்தில்தான் அழுத்தியிருக்கிறது. கீயின்மேல் அச்சடித்திருப்பது ஆங்கில எழுத்துதான். ஆனால் கம்ப்யூட்டர் அவர் கட்டளைப்படி அதைத் தமிழ் எழுத்தாகவே வாங்கிக்கொண்டது. மில்லின் வைஃபைக்கு அது யாரோ தெரியாத ஆள் வந்து கதவைத் தட்டியதுபோல இருந்திருக்கும். பார்த்திருந்தால் முதல் எழுத்திலேயே தெரிந்திருக்கும். புள்ளியில் என்ன தெரியும்?

உலகம்மை திரும்பாமலேயே வழி சொன்னாள். பின்னால் போய் விசைப்பலகைக் கேள்வியில் ஆங்கிலத்தை முதலாவதாக வையுங்கள், தமிழை இரண்டாவதாகச் சேருங்கள், பிள்ளைகள் வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம் என்றாள். ஆவுடையப்பன் அப்படியே செய்துவிட்டுத் திரும்பப் பாஸ்வேர்டு பெட்டிக்கு வந்தார். இந்த முறை துண்டை விரிக்கவில்லை. 'காட்டு' என்ற கட்டத்தை முதலிலேயே அழுத்திவிட்டுத் தட்டினார்.

எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அவர் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

இத்தனை நாளும் அது அவருக்கு மனப்பாடமான எழுத்துகளின் வரிசை, அவ்வளவுதான். காதில் கேட்டபோதும் எழுத்து எழுத்தாகத்தான் கேட்டார், தட்டும்போதும் எழுத்து எழுத்தாகத்தான் தட்டினார். இப்போதுதான் எல்லாம் சேர்ந்து ஒரு பெயராகக் கண்ணில் பட்டது. மைதீன் பாயின் மனைவி பெயர். அதன் பின்னால் ஒரு வருஷம். அவர்களுக்குக் கல்யாணம் நடந்த வருஷம்.

அந்தப் பெஞ்சுக்கு வருஷக்கணக்காக உள்ளேயிருந்து டீ போட்டு அனுப்பியது அந்த அம்மாதான். போன மழைக்காலத்தில் இறந்துபோனார். அதிலிருந்து மைதீன் பாயே டீ போடுகிறார். பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. வாக்கு என்றால் எனக்கும் வாக்குதான்.

திரையில் இணைந்துவிட்டது என்று வந்தது. அடுத்த கேள்வியையும் கேட்டது. ஆவுடையப்பன் அதைக் கவனிக்கவில்லை.

"கனெக்ட் ஆயிட்டா சார்?" என்று சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது.

"ஆயிட்டு."

அவர் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா, இதை அவரு எப்படி மாத்துவாரு?"

"நான் பாக்கலியே சார்," என்றாள் உலகம்மை.

உலகம்மை திரும்பிப் பார்த்தபோது துண்டு கீபோர்டு பக்கத்திலேயே கிடந்தது. செருப்பு வாசலிலேயே கிடந்தது. ஆவுடையப்பன் வெறுங்காலோடு ரோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். நல்ல வெயில். தார் ரோடு சுட்டிருக்கும், அவருக்குத் தெரிந்திருக்காது. பார்க்கப் பாவமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

உலகம்மை பூனையை இறக்கிவிட்டு ஜன்னல்களைத் திறந்து வைத்தாள்.

மாலையில் அவள் பால் கறக்க உட்கார்ந்தபோது அவர் திரும்பி வந்தார். காலையில் நின்ற அதே இடத்தில் நின்றார்.

"மன்னிப்புக் கேட்டேம்மா."

"என்ன சொன்னாரு?"

"நான் பேசி முடிக்கிறதுக்கு முன்னாலயே, உக்காருங்க சார்வாள்னாரு. உள்ள போயி என் கிளாஸை எடுத்துட்டு வந்தாரு. டீ போட்டுக் கொடுத்தாரு."

"பெறகு?"

"பெறகு தேங்காய் விலையைப் பத்திப் பேசினோம். சண்டை வந்துட்டு."

சொல்லும்போது அவர் முகம் நிறைந்திருந்தது. மாடு வாலைச் சுழற்றி அவர் மேல் ஒரு அடி போட்டது, அதையும் வாங்கிக்கொண்டு சும்மா நின்றார். பால் பாத்திரத்தில் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தவருக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது.

"காலைல ஒண்ணு கேட்டேனே. மன்னிக்கிறது எப்படின்னு. அதுக்கு நீங்க பதிலே சொல்லல."

உலகம்மை கறந்துகொண்டே கேட்டாள். "டீயில சர்க்கரை போட்டிருந்தாரா?"

"போட்டிருந்தாரு."

"எவ்வளவு?"

"எப்பவும் போலதான்."

"அப்படித்தான் சார்," என்றாள் உலகம்மை.