சூசைநாதன் கிட்டார்

கிட்ட வந்து உக்காருங்க. இது சத்தம் போட்டுச் சொல்ற கதை இல்லை.

ராயபுரத்துல லியோ மாஸ்டர்னு ஒருத்தர். கிட்டார் ரிப்பேர் பண்ணுவார், கத்தும் கொடுப்பார். அவர்கிட்ட பெனடிக்ட்னு ஒரு சீடன். சின்ன வயசு இல்லை, காதோரம் நரைச்சவன். ஊர் ஊரா ட்ரூப்ல வாசிச்சு அலுத்து, அப்புறம்தான் மாஸ்டர்கிட்ட வந்து சேர்ந்தான். கெட்டிக்காரன். தெருவுல ஒருத்தன் உறை போட்ட கிட்டாரைத் தோள்ல மாட்டிட்டுப் போனாலே, உள்ள இருக்கிறது இன்ன மாடல்னு சொல்லிடுவான். வயித்துல இருக்கிற பிள்ளைக்கும் இவன் பேர் சொல்லுவான்னு டீக்கடையில கேலி பண்ணுவாங்க. மாஸ்டர் மட்டும் அந்தக் கேலியில சேர மாட்டார்.

ஒரு நாள், மாஸ்டர் கடையில இல்லாத நேரம். பிலோமினான்னு ஒரு அம்மா, போர்வையில சுத்தின கிட்டாரோட வந்தாங்க. புருஷன் சூசைநாதனோடது. கல்யாணம், திருவிழான்னு வாசிச்சுப் பிழைச்ச மனுஷன். அவர் போய் ஒரு வருஷம். மறுநாள் வருஷப் பூசை. கோயில்ல யாரையாவது இதை வாசிக்க வச்சு, அவரோட சத்தத்தை ஒரே ஒரு தடவை கேக்கணும்னாங்க. போன்ல கூட அவர் வாசிச்சதைப் பிடிச்சு வைக்கலையாம்.

அப்புறம் கேட்டாங்க.

"தம்பி, இது என்ன கிட்டார்? அவர் இருந்தப்ப நான் கேட்டதே இல்லை."

பெனடிக்டுக்கு இதைவிட வேற என்ன வேணும்? சாயங்காலம் வாங்கக்கா, பேரோட ஊரோட சொல்றேன்னு அனுப்பி வச்சான்.

போர்வையை எடுத்துப் பார்த்தான். ரெண்டு பக்கமும் கொம்பு மாதிரி வளைவு. வயலின்ல இருக்கிற மாதிரி நெளிஞ்ச துளை ரெண்டு. கம்பிக்கு அடியில சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப் ரெண்டு. பார்வைக்கு செமி ஹாலோதான். அந்த ஜாதி கிட்டாருக்கு நடுவுல மட்டும் மரக்கட்டை ஓடும், ரெண்டு ஓரமும் வெறும் கூடு. தட்டினா நடுவுல டொக்குன்னும் ஓரத்துல டும்முன்னும் கேக்கணும். இதுல எங்க தட்டினாலும் டொக்கு.

துளைக்குள்ள விரலை விட்டான். துணி தட்டுப்பட்டுச்சு. குறடு வச்சு இழுத்தான். வந்துக்கிட்டே இருந்துச்சு. ஒரு பழைய சேலை, ரெண்டாக் கிழிச்சு, ஓரத்துக்கு ஒரு பாதியா அடைச்சிருந்தது. எடுத்துட்டுத் தட்டினான். டொக்கு, டும். உள்ள ஒட்டின காகிதத்துல ஜப்பான் கம்பெனி பேரும் மாடல் நம்பரும் தெரிஞ்சுது. தானே சிரிச்சுக்கிட்டான். அந்தத் துணியையே தண்ணி கலந்த ஸ்பிரிட்டுல நனைச்சு, கம்பி, பிக்கப், கழுத்துன்னு எல்லாத்தையும் துடைச்சுப் பளபளப்பாக்கினான்.

சாயங்காலம் அந்தம்மா வந்தாங்க. மாஸ்டரும் வந்திருந்தார். எந்த நாடு, என்ன மாடல், என்ன மரம்னு பெனடிக்ட் எல்லாம் சொன்னான். ஆம்ப்ளிஃபயர்ல சொருகி வாசிச்சும் காட்டினான். கணீர்னு இருந்துச்சு.

அந்தம்மா கேட்டு முடிச்சாங்க.

"இது அவர் கிட்டார் இல்லை தம்பி."

பின்னால பெல்ட் உரசின தழும்பைக் காட்டினான். அவர் வச்ச சிகரெட் சூட்டைக் காட்டினான். அதெல்லாம் சரி, இது அது இல்லைன்னே நின்னாங்க. அவர் வாசிச்சா, பக்கத்து ரூம்ல யாரோ நமக்காக மெதுவாப் பேசற மாதிரி இருக்கும்னாங்க.

அப்பதான் அவனுக்கு உறைச்சுது. மேடையில சத்தத்தைக் கூட்டினா இந்த மாதிரி கிட்டார் ஊளையிடும். அதை அடக்கத்தான் சிலர் உள்ள துணி அடைப்பாங்க. அவனே ட்ரூப்ல பார்த்தது. ஈரத்துணியை எடுத்து நீட்டினான்.

அந்தம்மா வாங்கி விரிச்சாங்க. கருப்பு அழுக்குக்கு நடுவுல கொஞ்சம் மஞ்சப் பூ.

"என் சேலை," அப்படின்னாங்க. "இதைக் காணோம்னு பக்கத்து வீட்டுக்காரியோட தெருவுல நின்னு சண்டை போட்டேன். சமாதானம் பண்ணி வச்சதே இந்த மனுஷன்தான்."

சிரிக்கப் போனாங்க. பாதியில நின்னு போச்சு.

பெனடிக்ட் துணியைத் திரும்ப அடைச்சு வாசிச்சான். இல்லைன்னு தலையாட்டினாங்க. இறுக்கி அடைச்சான். இல்லை. தளர்த்தி அடைச்சான். இல்லை. மாஸ்டர் எழுந்து வந்து துணியை வாங்கிப் பிழிஞ்சு, ஜன்னல் கம்பியில காயப் போட்டார். காயட்டும்னு அந்தம்மா வாசப்படியில போய் உக்காந்தாங்க.

பெனடிக்ட் மெதுவாக் கேட்டான்.

"மாஸ்டர், நான் சொன்ன மாடல் தப்பா?"

"தப்பே இல்லை."

"அப்ப எங்க தவறினேன்?"

"துணியை உருவறதுக்கு முன்னாடி ஒரு தடவை வாசிச்சுப் பார்த்தியா?"

அவன் கிட்டாரைக் கீழ வச்சான். வெளிய போய், அந்தம்மா பக்கத்துல படியில உக்காந்தான். அவர் வாசிக்கிறதை வாயால கொஞ்சம் முனகிக் காட்டுங்கக்கான்னு கேட்டான். அந்தம்மா வாயைத் திறந்தாங்க. ஒண்ணும் வரலை.

காதை அவங்க பக்கம் சாய்ச்சு வச்சுக்கிட்டு, அவன் அப்படியே உக்காந்திருந்தான்.