கரடி அடுக்காத கல்

மலைமேல் ஒரு காடு இருந்தது, குழந்தைகளே. அங்கே தேனுக்கும் நெல்லிக்காய்க்கும் பஞ்சமே இல்லை. உப்புதான் கிடையாது. உப்பு நக்காவிட்டால் தாய் மிளா மான்களுக்குப் பால் வற்றிவிடும்; யானைகளுக்குக் கால் தளர்ந்துவிடும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், கடலை ஒட்டி இன்னொரு காடு. அங்கே பாறைக் குழிகளில் உப்பு வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடக்கும். ஆனால் இருமும் குட்டியின் நாக்கில் தடவ ஒரு துளி தேன் கிடைக்காது.

இடையில் ஓடிய ஆறு பொல்லாதது. நீந்தப் போனவை பல திரும்பவில்லை. கடைசியில் இரண்டு காடுகளின் விலங்குகளும் கூடிப் பேசின. மலைக்காட்டு யானைத் தலைவி பெரிய மருத மரம் ஒன்றை உருட்டி வந்தது. கடற்கரை விலங்குகள் மறுமுனையைப் பிடித்து இழுத்தன. ஆற்றுக்குக் குறுக்கே பாலம் விழுந்தது.

"ஒவ்வொரு மழைக்கு முன்னாலும் அவரவர் கரையில் மரத்தின் அடியில் கல் அடுக்க வேண்டும். மறந்தால் வெள்ளம் மண்ணை அரித்துக்கொண்டு போய்விடும்" என்றது யானை.

மலைக்கரைப் பொறுப்பைக் கரும்பன் என்ற கரடி ஏற்றது. எதிர்க்கரைக்கு அயிரை என்ற நீர்நாய். தேனும் நெல்லிக்காயும் அங்கே போயின, உப்பு இங்கே வந்தது. மூட்டைகளைச் சுமந்தது ஒரு காட்டெருமை. எதற்கும் அவசரப்படாத பிராணி அது. கரும்பனுக்குச் சிறு வயதிலிருந்தே தோழன்.

பல மழைக்காலங்கள் இப்படியே நல்லபடியாகக் கழிந்தன.

ஒருநாள் கரும்பன் வியர்க்க வியர்க்கக் கல் உருட்டிக்கொண்டிருந்தது. அந்த வழியாக ஒரு நரி வந்தது.

"கரடி அண்ணா, யாருக்காக இந்தப் பாடு?"

"பாலத்துக்காகத்தான்."

"பாவம் நீங்கள்! இந்த முனை உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் கல் அடுக்காவிட்டால் அவர்களுக்குத் தேன் ஏது? 'இரண்டு மடங்கு உப்புத் தந்தால்தான் அடுக்குவேன்' என்று சொல்லிப் பாருங்களேன். ஓடி வந்து தருவார்கள்."

கரும்பன் கையிலிருந்த கல்லைக் கீழே போட்டது. இத்தனை காலமும் தன்னை யாரோ ஏமாற்றிவிட்டதுபோல அதற்கு இருந்தது. அன்றே எதிர்க்கரைக்குச் சேதி சொல்லி அனுப்பியது.

மேகம் கறுத்தது. அயிரை பாலத்தைக் கடந்து பதறி ஓடி வந்தது.

"அண்ணா, மண் இப்போதே இளகிவிட்டது. முதலில் கல்லை அடுக்குங்கள். உப்பைப் பற்றிப் பிறகு பேசலாமே."

"இரண்டு மடங்கு வரட்டும், அப்புறம் அடுக்குகிறேன்."

"அப்படியானால் நானே அடுக்கட்டுமா? எங்கள் ஆட்களையும் கூட்டி வருகிறேன்."

"என் கரையில் ஒரு கல்லைக்கூட நீ தொடக் கூடாது!" என்று கரும்பன் உறுமியது.

அயிரை பாலத்தைக் கடந்து திரும்பிப் போனது.

மூன்று நாள் மழை கொட்டியது. ஆறு செந்நிறமாகப் பொங்கியது. நான்காம் நாள் காலையில் எதிர்க்கரையில் காட்டெருமை தெரிந்தது. முதுகில் வழக்கம்போல் இரண்டு மூட்டை இல்லை, நான்கு மூட்டை.

"பணிந்துவிட்டார்கள்! நான் கேட்டதைக் கொடுத்துவிட்டார்கள்!" என்று கரும்பன் துள்ளியது. எடுத்து அடுக்க ஒரு கல்லைத் தேடியது. அதற்குள் காட்டெருமை பாதிப் பாலம் வந்துவிட்டது.

கரும்பனின் காலடியில் மண் சரிந்தது. மரத்தின் முனை ஒருமுறை குலுங்கியது.

"திரும்பிப் போ! திரும்பிப் போ!" என்று அலறியது கரும்பன்.

அவ்வளவு பாரத்தோடு அந்த ஒற்றை மரத்தில் எப்படித் திரும்புவது? காட்டெருமை நின்றது. தோழனை நிமிர்ந்து பார்த்தது. "கரும்பா, கல் அடுக்கவில்லையா?" என்று மட்டும் கேட்டது.

கரை இடிந்தது. மரமும் காட்டெருமையும் நான்கு மூட்டை உப்பும் ஒன்றாக ஆற்றில் போயின. கரும்பன் கரையோரமாகவே வெகுதூரம் ஓடியது. ஒரு கொம்புகூட மேலே தெரியவில்லை.

மழை ஓய்ந்தது. காட்டில் உப்பு தீர்ந்தது. மிளாக்களுக்குப் பால் வற்றியது. அந்த ஆண்டு பிறந்த குட்டிகள் எழுந்து நிற்கவே இல்லை. நரி எப்போதோ வேறு காட்டுக்குப் போய்விட்டது.

கரும்பன் தலை குனிந்தபடி யானைத் தலைவியிடம் போனது.

"தாயே, இன்னொரு மரத்தைப் போடுங்கள். இரவு பகலாகக் கல் அடுக்குகிறேன்."

"மரம் நிறைய இருக்கிறது, கரும்பா" என்றது யானை. "ஆனால் அந்தக் கரையில் மறுமுனையைப் பிடிக்க யார் வருவார்கள்?"

கரும்பன் ஆற்றங்கரைக்கு ஓடியது. "அயிரை! அயிரை!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டது.

எதிர்க்கரையில் அயிரை தலையைத் தூக்கிப் பார்த்தது. அதன் பக்கத்தில் ஒரு குட்டி விடாமல் இருமிக்கொண்டிருந்தது. அயிரை குட்டியைக் கவ்விக்கொண்டு புதருக்குள் போய்விட்டது.

மறுநாள் யானைகள் உப்புள்ள இடம் தேடிப் புறப்பட்டன. நடக்க முடிந்த மிளாக்கள் பின்னால் போயின. தங்களோடு வரும்படி கரும்பனை யாரும் அழைக்கவில்லை.

நீதி: எல்லோருக்கும் பொதுவான வழியைப் பேரம் பேசப் பிடித்து வைப்பவன், தன் வழியோடு பிறர் வாழ்வையும் சேர்த்தே அழிக்கிறான்.