மஞ்சள் பூ பூத்த மூலை

"அம்மா, நான் தினமும் கொலை பண்ணிக்கிட்டிருக்கேன்," என்றார் தரணேந்திரன்.

"இன்னைக்குப் பண்ணியாச்சா, இனிமேதானா?" என்று கேட்டார் விசாலமதி கந்தியார்.

தரணேந்திரனுக்குச் சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த குடத்தைப் பாறைமேல் வைத்தார். குடம் காலியாக இருந்தது.

அது ஒரு சமணக் குன்று. உச்சியில் ஒரு குகை, குகைக்கு எதிரே ஒரு சுனை. குகையில் தங்கியிருந்த கந்தியார் வெள்ளைப் புடவை உடுத்திய பெண் துறவி. நாற்பது வயதுதான் இருக்கும். சீடருக்கோ அறுபது தாண்டிவிட்டது.

தரணேந்திரன் கீழே ஊரில் ரைஸ் மில் வைத்திருந்தவர். மில்லை விற்றார். வீட்டை மகன் பேருக்கு எழுதினார். உப்பை விட்டார், நெய்யை விட்டார், செருப்பை விட்டார். விட்டுவிட்டு மலையேறி வந்தார்.

அவருக்குக் கிடைத்த வேலை தண்ணீர் வடிகட்டுவது.

குடத்தின் வாயில் துணியை இரண்டாக மடித்துக் கட்டி, சுனை நீரை அதன் வழியே ஊற்ற வேண்டும். துணியில் தங்குகிற கண்ணுக்குத் தெரியாத உயிர்களை உதறிவிடக் கூடாது. துணியைத் திருப்பிப் பிடித்து, வடிகட்டிய நீரை விட்டு அலசி, எடுத்த சுனையிலேயே திரும்ப விட வேண்டும். ஒரு உயிரும் சாகக் கூடாது. அவர்கள் வழக்கம் அது.

அதைத் தரணேந்திரனைப் போல யாரும் செய்ததில்லை. கும்பிட வரும் பெண்கள் அவசரத்தில் மேலிருந்து அலசினால் ஓடி வருவார்.

"ஏம்மா, உன் புள்ளையை இப்படித்தான் தொட்டில்ல போடுவியா? மெதுவா விடும்மா!"

மலைக்கு வந்து போகிறவர்கள் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டே இறங்குவார்கள். அந்தப் பேச்சு கொஞ்சம் அவர் காதிலும் விழும்.

இப்போது ஊரில் அவருடைய துறவுத் தீட்சைக்குப் பந்தல் போட்டாயிற்று. நாளை மறுநாள் துறவிகளின் தலைவரான ஆசாரியர் வருகிறார். தரணேந்திரனுக்குத் தீட்சை கொடுப்பதற்கு முன் கந்தியாரிடம் ஒன்று கேட்பார்: இவர் தகுதியானவரா?

கந்தியார் 'ஆமாம்' என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் தரணேந்திரன் இத்தனை வருஷம் காத்திருந்தார்.

"யாரைக் கொன்னீங்க, நயினாரே?" என்று சமணர் வழக்கப்படி விளித்துக் கேட்டார் கந்தியார்.

"வாங்க, காட்டுறேன்."

இருவரும் சுனைக்குப் போனார்கள். வடக்கு மூலையில் தண்ணீருக்கு மேலே மஞ்சள் பூக்கள் நின்றன. ஒவ்வொன்றும் மூக்குத்தி அளவு. கீழே பாசி போல ஒரு செடி மிதந்தது. அதற்கு வேர் கிடையாது.

"இந்த மூலையிலதான் துணி அலசுவேன்," என்றார் தரணேந்திரன். "இங்க யாரும் குடம் முக்க மாட்டாங்க. தண்ணியும் அசையாது. பூ நிழல் வேற. பாவம், அதுங்க நிம்மதியா இருக்கட்டுமேன்னு பார்த்துப் பார்த்து இந்த இடத்தைப் பிடிச்சேன்."

"நல்லதுதானே?"

"நேத்து ஸ்டெல்லா டீச்சர் வந்தாங்கம்மா. டவுன் காலேஜ்ல செடி கொடி பாடம் எடுக்கிறவங்க. புள்ளைங்களை மலை ஏத்திக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. இந்தப் பூவைப் பார்த்ததும் பாறைமேல படுத்துட்டாங்க. எனக்கும் லென்ஸைக் கொடுத்து, பாருங்க ஐயான்னாங்க."

தரணேந்திரன் பூவைச் சுட்டிக் காட்டினார்.

"இது உயிரைத் தின்கிற செடி."

கந்தியார் பாறைமேல் ஊர்ந்த சிற்றுயிர்களை மயிற்பீலியால் மெல்ல ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார்.

"லென்ஸ் இருக்கா?"

"விட்டுட்டுப் போயிருக்காங்க."

இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கந்தியார் குனிந்து பார்த்தார்.

"சின்னச் சின்னப் பையா தொங்குது."

"அதுதான் வாய், அதுதான் வயிறு. வாயில ஒரு கதவு இருக்கும் பாருங்க. கதவுக்கு வெளியே ரெண்டு மூணு முடி."

"இருக்கு. இது துரத்திப் பிடிக்குமா?"

"எங்கம்மா துரத்தும்? அசையவே அசையாது."

"ஏதாவது வாசனை காட்டி இழுக்குமா?"

"அது பெரிசா ஒண்ணும் இல்லையாம். இது செய்யிற வேலை ஒண்ணே ஒண்ணுதான். பைக்குள்ள இருக்கிற தண்ணியை வெளியே தள்ளிக்கிட்டே இருக்கும். தள்ளித் தள்ளிப் பை உள்ளே ஒடுங்கிடும். அப்புறம் வாயை மூடிக்கிட்டு நிக்கும். ஏதாவது ஒண்ணு வந்து அந்த முடியை லேசாத் தொட்டாப் போதும்."

"தொட்டா?"

"கதவு திறக்கும். தண்ணியோட சேர்த்து அதை உள்ளே இழுத்துக்கும். திரும்ப மூடிக்கும். நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். இருந்தது, இல்லை. அவ்வளவுதான்."

"அப்புறம்?"

"உள்ளே ஒரு சாறு சுரக்குமாம். கொஞ்சம் கொஞ்சமாக் கரைச்சிடும். மிஞ்சுறது வெறும் ஓடு." அவர் குரல் உடைந்தது. "டீச்சர் என்ன சொன்னாங்க தெரியுமா? சுனையில வேற எங்கேயும் இப்படிச் செழிக்கலையே, இங்க யாரோ வேளாவேளைக்குத் தீனி போடுறாங்க போலன்னு சொல்லிச் சிரிச்சாங்க."

கந்தியாரும் சிரித்துவிட்டார்.

"சிரிக்காதீங்கம்மா."

"சரி."

"செடியைப் பிடுங்கிடலாம்னு ராவெல்லாம் நினைச்சேன். அதுவும் உயிர்தானே. பிடுங்கினா அது ஒரு பாவம்."

"வேற மூலையில அலசலாமே."

"இன்னைக்கு அப்படித்தான் செய்யப் போனேன். கை வரலை. அதான் வெறுங்குடம்."

கந்தியார் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒண்ணுமே வந்து தொடலைன்னா இது என்ன பண்ணும்?"

தரணேந்திரன் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. ஸ்டெல்லா டீச்சர் பிள்ளைகளுக்குச் சொன்னதை யோசித்து எடுத்தார்.

"சில சமயம் தானாவே திறந்துக்குமாம். வெறும் தண்ணியைக் குடிச்சிட்டு, மறுபடி முதல்லேர்ந்து வெளியே தள்ளுமாம்."

"அட பாவமே," என்றார் கந்தியார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

 கீழே ஊரில் யாரோ மைக் செட்டைத் தட்டிப் பார்ப்பது மெலிதாகக் கேட்டது.

"ஆசாரியர் கேட்பார் அம்மா. நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

"நீங்க என்ன சொல்லச் சொல்றீங்க?"

"கொலைகாரன்னு சொல்லுங்க. ஒரு பட்டினி விரதம் கொடுங்க, இருக்கேன். ரெண்டு கொடுங்க, அதையும் இருக்கேன்."

"மில்லை விட்டீங்க."

"ஆமா."

"வீட்டை விட்டீங்க."

"ஆமாம்மா."

"உப்பு, நெய், செருப்பு."

"எல்லாந்தான் விட்டேன்."

"எதுக்கு விட்டீங்க?"

"தீட்சைக்..."

சொல் பாதியில் நின்றது. தரணேந்திரன் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

கந்தியார் அவர் பக்கம் திரும்பவே இல்லை. பூக்கள் நின்ற இடத்தில் நின்றன. தண்ணீருக்குள் ஏதேதோ நீந்திக்கொண்டிருந்தன.

தரணேந்திரன் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். கண்ணில் நீர் கட்டிவிட்டது. ஆனால் மார்பிலிருந்து பாரம் இறங்கினாற்போல ஒரு லேசு.

"புரிஞ்சுபோச்சு அம்மா. நான் இப்பவே கீழே போறேன். பந்தலைப் பிரிக்கச் சொல்லிடறேன். மகன் சண்டைக்கு வருவான், வரட்டும். ஆசாரியர் கால்ல விழுந்து சொல்லிடறேன், எனக்குத் தீட்சை வேண்டாம்னு."

கைகளைக் கூப்பினார்.

"அதையும் விட்டுட்டேன் அம்மா."

சொல்லிவிட்டு, என்ன சொல்வாரோ என்று கந்தியாரின் முகத்தையே பார்த்து நின்றார்.

கந்தியார் லென்ஸை அவரிடம் நீட்டினார்.

"இங்க ஒண்ணைப் பாருங்க, நயினாரே. இருந்ததையெல்லாம் வெளியே தள்ளிட்டு, கன்னம் ஒட்டிப்போயி, வாயை மூடிக்கிட்டு நிக்குது."