இருளாயிக்கு எந்த ரிஷி?

முதலில் இருளாயியின் சனத்தைத் தேரோடும் வீதியில் நடக்கவிடவில்லை. அதன்பின் குளத்தில் இறங்கவிடவில்லை. சட்டம் வந்து கதவு திறந்ததும், கொடிமரத்தோடு நில் என்றார்கள். கடைசியாக, உள்ளே வரலாம், ஆனால் கோத்திரம் சொல்லாதவர் பேரை அர்ச்சனையில் வாசிக்க முடியாது என்றார்கள்.

சிவன் கோயில் மதிலுக்கு வெளியே கூட்டிப் பெருக்கிய இருளாயிக்கு, சாமி முன்னால் தன் பேர் ஒருமுறை கேட்க வேண்டும் என்பது நாற்பது வருஷ ஆசை. கார்த்திகைச் சோமவாரத்தன்று மகன் வீரணன் அவளைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தான்.

"கோத்திரம்?" என்றார் தர்மகர்த்தா வைத்தியலிங்கம்.

"சிவ கோத்திரம்னு வாசிங்கய்யா."

"அந்தச் சால்ஜாப்பெல்லாம் இங்கே செல்லாது. ரிஷி பேர் வேணும். எங்க வம்சத்துக்குக் காசியபர். உங்க ஆத்தாளுக்கு யாரு?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வீரணன் கையைக் கட்டிக்கொண்டான்.

"காசியபர் யார் வம்சம்ங்கய்யா?"

"மரீசியோட பிள்ளை."

"மரீசி?"

"பிரம்மாவோட பிள்ளை."

"பிரம்மா?"

தர்மகர்த்தா குருக்களைப் பார்த்தார். குருக்கள் கருவறையைப் பார்த்தார். "எல்லாத்துக்கும் ஆதி இவர்தான்."

"ஐயா சுத்திக்கிட்டு வந்து சேர்ந்த இடத்தைத்தானே நான் முதல்லயே சொன்னேன்?"

குருக்கள் வீரணனின் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டார்.

இருளாயிக்குக் காது கேட்காமல் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இந்த ஒரு கேள்வியை முன்பே கேட்காமல் போனோமே என்று வீரணன் மனம் நொந்தான்.

"சொல்லிட்டாகளாடா?" என்றாள் அவள், குருக்களின் உதட்டையே பார்த்தபடி.

வரிசை முழுக்கக் கேட்கும்படி அவர் வாசித்தார்: "சிவ கோத்திரம், இருளாயி."